கஞ்சியும் கடற்பாசியும்: நம் வீட்டு எளிய உணவுகள் நடந்து வந்த வழி

சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்களின் உணவு எது என்று வெளியார் யாரிடமும் கேட்டால் பிரியாணி, முர்தபா என்றுதான் பதில் வரும். பினாங்குக்காரர்களைக் கேட்டால் நாசி கண்டார் என்பார்கள். அந்தப் பெருமையில் நமக்குக் குறையேதும் இல்லை. நார்த் பிரிட்ஜ் சாலையின் முர்தபா கடைகள் நூறாண்டைக் கடந்து நிற்கின்றன. காவடித் தண்டில் சோற்றையும் கறியையும் சுமந்து விற்ற நம் முன்னோரின் உழைப்பு, 'கண்டார்' என்ற மலாய்ச் சொல்லிலேயே பதிந்திருக்கிறது. ஆனால் இவையெல்லாம் கடை உணவுகள். ஆண்கள் சமைத்து, ஊராருக்கு விற்றவை. அந்த ஆண்கள் இரவு கடையை அடைத்துவிட்டு எதைச் சாப்பிட்டார்கள்? வெயில் கொளுத்திய நாளில், காய்ச்சல் கண்ட நாளில், துக்கம் நேர்ந்த நாளில் நம் வீட்டு அடுப்பில் எது கொதித்தது? இவற்றுக்குக் கடைப் பலகையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. நம் உம்மாமார்களின் கையளவில் மட்டும் இருந்த இந்த வரலாற்றை, அந்தக் கைகளை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கொஞ்சமாவது எழுதி வைக்க வேண்டும் என்பதால் இந்தப் பக்கங்களை அதற்கு எடுத்துக்கொள்கிறோம்.

தொடக்கம் தெலுக் ஆயரில்தான். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளியை நிறுவியது 1826-ல். அதைப் பெரிய பள்ளி என்றார்கள். மறு ஆண்டு தெலுக் ஆயர் தெருவில் ஓலைக் குடிசையாக எழுந்தது குச்சுப் பள்ளி. இன்று அதன் பெயர் அல் அப்ரார். 1828-க்கும் 1830-க்கும் இடையில் அதே தெருவில் நாகூர் தர்கா கட்டப்பட்டது. அக்காலத்தில் கடல் அந்தத் தெருவின் ஓரத்திலேயே இருந்தது. தோணியிலிருந்து இறங்கியவர் சில எட்டுகளில் பள்ளிக்குள் நுழைந்துவிடலாம்.

இறங்கியவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். வியாபாரிகள், தோணிக்காரர்கள், காசு மாற்றுவோர், கூலி வேலை செய்வோர். குடும்பம் ஊரில் இருக்கும். இங்கே கடையின் மேல்மாடியில் பாய் விரித்துப் படுத்து, ஆளுக்கொரு முறை வைத்துச் சமைத்துக்கொள்வார்கள். வீடு என்று ஒன்று இல்லாதவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு எங்கிருந்து வரும்? ஆண்டில் ஒரு மாதம் அது பள்ளிவாசலிலிருந்து வந்தது. நோன்புக் கஞ்சியை நாம் பார்க்க வேண்டிய விதம் அதுதான். ஏழைக்குக் கொடுக்கும் தர்மம் என்று மட்டும் அதைச் சொல்வது பாதி உண்மை. உம்மாவையும் மனைவியையும் விட்டு வந்தவன் ஊர்ச் சுவையை நாவில் உணர்ந்த ஒரே கோப்பை அது.

நோன்புக் கஞ்சியை மற்றவர்களுக்கு விளக்குவது சிரமம். சீனர்களின் கஞ்சி வெள்ளையாக, சாதுவாக இருக்கும். மலாய்க்காரர்களின் புபோர் லம்புக்கில் வாசனை இலைகள் மிகும். நம்முடையதில் அரிசியோடு பாசிப்பருப்பு, வெந்தயம், தோல் நீக்கிய பூண்டு ஆகியவை சேர்ந்து குழைகின்றன. பட்டை, கிராம்பு, ஏலம், ரம்பை இலை, வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய் வதங்கிச் சேர்கின்றன. வசதி இருந்தால் கொத்துக்கறி. கடைசியில் புதினா, மல்லி, தேங்காய்ப் பால். பகலெல்லாம் வெறுமையாய்க் கிடந்த வயிற்றுக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீரும் உப்பும் மாவுச்சத்தும் ஒன்றாகப் போகின்றன. ஊறிய வெந்தயத்தின் வழவழப்பு வயிற்றுக்கு இதமாகிறது. பருப்பு பசியைத் தாங்குகிறது. சூடாகவே குடிக்கிறோம், ஆனாலும் 'குளிர்ச்சி' என்கிறோம். அந்தச் சொல்லின் பொருளை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே தமிழில் சொல்லிப் புரியவைக்க முடியும்!

ஊருக்கு ஊர் இது மாறும். ஒரு வீட்டில் மஞ்சள் சேர்ப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர் வெள்ளையாக இருந்தால்தான் கஞ்சி என்பார். தக்காளி சேர்க்கலாமா என்பதில் சம்பந்திகளுக்குள்ளே வாக்குவாதம் வந்ததுண்டு. இங்கே இன்னொரு மாற்றம் தானாகவே நேர்ந்தது. ஊரில் பச்சரிசிக் குருணையில் காய்ச்சியதை இங்கே சயாம் அரிசியில் காய்ச்சினார்கள். சயாம் அரிசி சீக்கிரம் உடைந்து பசை போலாகும். அதனால் தண்ணீர் கூடிற்று, கிண்டும் நேரம் குறைந்தது. ரம்பை இலைக்குப் பஞ்சமே இல்லாததால் அதன் வாசனையும் தூக்கலாயிற்று. இன்று சிங்கப்பூர்ப் பள்ளிகளில் கிடைக்கும் கஞ்சியை ஊரிலிருந்து வரும் உறவினர் குடித்துவிட்டு, 'நல்லா இருக்கு, ஆனா நம்ம கஞ்சி இல்ல' என்று சொல்வதன் காரணம் இதுவே. அவர்கள் சொல்வதும் சரி. இது நம் கஞ்சிதான் என்று நாம் சொல்வதும் சரி.

'கஞ்சி' என்ற சொல்லே இங்கு நமக்கு முன்பே வந்து இறங்கிவிட்டது போலும். மலாய் மொழியில் அது மாவுப் பசைக்கும் கஞ்சிக்கும் பெயராக நிற்கிறது. கறி, கடை, கப்பல், ஆப்பம் ஆகியவையும் அவ்வாறே கரி, கெடாய், கப்பால், ஆப்பாம் என்று மலாயில் குடியேறியிருக்கின்றன. இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் சமையலும் வியாபாரமும் தொடர்பானவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நோன்புக்கும் கோடைக்கும் உள்ள உறவை இந்த நாட்டில் பிறந்தவர்கள் அவ்வளவாக உணர்வதில்லை. பிறைக் கணக்கின்படி ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. 1985-ல் மே மாதப் பிற்பகுதியில் தொடங்கிய நோன்பு 2018-ல் மீண்டும் மே மாதத்தில் தொடங்கியது. இந்தக் கணக்கில் பார்த்தால், நம் சங்கத்தின் 50 ஆண்டுகளில் ரமலான் ஒன்றரைச் சுற்று வந்துவிட்டது. ஊரில் மே மாத நோன்பு என்றால் கத்திரி வெயில், நீண்ட பகல், கிணற்றில் தண்ணீர் வற்றும் காலம். டிசம்பர் நோன்பைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதல். இங்கோ எந்த மாதத்தில் வந்தாலும் பதின்மூன்றரை மணி நேரம்தான். ஆண்டு முழுவதும் ஒரே பகல், ஒரே வெக்கை. ஊரில் பருவத்துக்கு ஒன்றாக இருந்த சமையல் இங்கு வந்ததும் எல்லா நாளுக்கும் உரியதாயிற்று. கோடைக்கு மட்டும் செய்த மாங்காய்ப் பச்சடியும் மோரும் இங்கே நிரந்தரமாயின; மழைக்காலத்துக்கென்று வைத்திருந்த சில பலகாரங்கள் மறைந்தே போயின.

பெண்கள் வந்த பிறகே இந்தச் சமையல் உண்மையில் வீட்டுக்குள் நுழைந்தது. கடற்கரை ஊர்களின் வியாபாரக் குடும்பங்கள் நெடுங்காலம் பெண்களை ஊரிலேயே விட்டு வந்தன. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து நெசவு ஊர்களான கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் மனைவி மக்களோடு வந்து தங்கின. கைத்தறி நொடித்துப்போன ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குத் திரும்பிப் போய் வாழ வழியில்லை என்பதும் ஒரு காரணம். தஞ்சோங் பகார் வட்டாரம் அவர்களுடையதாயிற்று. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியும் அங்கே எழுந்தது. தெலுக் ஆயருக்குப் பக்கத்தில் கடையநல்லூர் தெரு என்று ஒரு பெயர்ப்பலகை இன்றும் நிற்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாக வந்த ரஜூலா கப்பலின் மேல்தளத்தில், டிரங்குப் பெட்டியோடும் ஊறுகாய் ஜாடியோடும் அவர்கள் வந்திறங்கினார்கள். 1953 ஆகஸ்டில் குடிநுழைவுச் சட்டம் இறுகியபோது வருவோர் தொகை குறைந்தது. வந்து சேர்ந்தவர்கள் இங்கேயே வேரூன்றினார்கள்.

அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். விடியற்காலையில் மிளகாயும் மல்லியும் அரைத்த கை எரிய எரிய, பிறகு தம் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தார்கள். ஈரச்சந்தைகளில் மீன் கறிக்கா, கோழிக் கறிக்கா, எத்தனை பேருக்கு என்று கேட்டு, கண்ணளவில் அரைத்த மசாலாவை எடுத்துக் கலந்து கொடுக்கும் நம்மவர் கடைகளை இன்றும் காணலாம். சீன, மலாய்க் குடும்பங்களின் கறி மணத்திலும் அந்தப் பெண்களின் கைவாசனை இருக்கிறது. முர்தபாவுக்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது எங்கள் மனத்தாங்கல்.

அரைத்துக் களைத்தவர்கள் வீட்டில் செய்தது எளிய சமையல்தான். நெல்லைச் சீமைக்காரர்களின் உளுந்தஞ்சோறு அவற்றில் முதலாவது. தோல் உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப் பூ சேர்த்து ஒரே பானையில் வேகவைத்தால் முடிந்தது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். பிள்ளை பெற்றவளுக்கும் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் இடுப்புக்கு வலு என்று கொடுப்பார்கள். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் புளியாணம் இன்னொன்று. நாம் குழம்பை 'ஆணம்' என்கிறோம். கறியாணம், மீனாணம், பருப்பாணம் என்று எல்லாவற்றுக்கும் அதுவே பின்னொட்டு. புளிக்கரைசலில் சின்ன வெங்காயம், சீரகம், பூண்டு, பச்சை மிளகாய் தட்டிப் போட்டு, நுரை கட்டும்போதே இறக்கிவிடும் புளியாணம், கொழுப்பு மிகுந்த விருந்தின் முடிவில் வயிற்றைச் சமன் செய்யும். காயல்பட்டினத்தின் களறிச் சாப்பாட்டில் அதற்கென்று தனியிடம் உண்டு. விருந்தில்லாத நாளிலோ வெறும் சோறு, புளியாணம், சுட்ட கருவாடு. வெக்கை நாளில் அதைவிட வேறென்ன வேண்டும்?

ஜப்பான்காரன் காலத்தை எழுதாமல் இந்தக் கதையைத் தாண்ட முடியாது. 1942 பிப்ரவரி முதல் மூன்றரை ஆண்டுகள். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவேண்டிய அரிசி அருகிவிட்டது. பங்கீட்டில் கிடைத்தது போதவில்லை. மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளியும் சோற்றின் இடத்துக்கு வந்தன. மரவள்ளியை இங்கே உப்பிக் கிழங்கு என்றார்கள், மலாய் 'உபி'யிலிருந்து. போர் முடிந்த பிறகும் அரிசிப் பங்கீடு சில ஆண்டுகள் நீடித்தது. அந்தத் தலைமுறையினர் பலர், பின்னாளில் வசதி வந்த பிறகும், உப்பிக் கிழங்கைத் தொட மறுத்தார்கள். அவித்துத் தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் தூவி நம் பிள்ளைகள் ஆசையாகத் தின்பதைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்ட பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருந்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஆறுதல் தரும் உணவு இன்னொருவருக்குப் பஞ்சத்தின் ருசி.

அதே மரவள்ளியோடு இன்னொரு கதை பின்னிக் கிடக்கிறது. காய்ச்சல்காரருக்கும் குழந்தைக்கும் நாம் காய்ச்சித் தரும் சவ்வரிசிக் கஞ்சியை ஊர்ப் பண்டம் என்றே நினைக்கிறோம். உண்மையில் சவ்வரிசி இந்தக் கரையின் சரக்கு. ஜாவா அரிசி என்பதே சவ்வரிசி ஆயிற்று என்பார்கள். இந்தத் தீவுகளின் சேகோ மரச் சோற்றிலிருந்து எடுத்த மாவைச் சுத்தம் செய்து மணி மணியாக உருட்டும் ஆலைகள் 19-ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் இருந்தன. அதனால் பெயர் பெற்ற சேகோ தெரு, நம் பெரிய பள்ளியிலிருந்து நடந்தே போகும் தூரம். இரண்டாம் உலகப் போரில் கப்பல் போக்குவரத்து நின்று, இந்தியாவுக்குச் சவ்வரிசி வருவது தடைப்பட்டபோதுதான், 1940-களில், சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் வளர்ந்தது. இன்று தேக்காவில் நாம் வாங்கும் சவ்வரிசிப் பொட்டலம் சேலத்திலிருந்து வருகிறது. இங்கிருந்து அங்கே போன பண்டம், வேறு கிழங்கில் பிறந்து, அதே பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

கடற்பாசியும் இரு கரைக்கும் பொது. நோன்பு திறக்கும் தட்டில் பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்தில், டைமண்டு வடிவில் வெட்டி அடுக்கிய ரோஸ் நிறக் கடற்பாசி இல்லாத தமிழ் முஸ்லிம் வீடு குறைவு. மன்னார் வளைகுடாவில், இராமநாதபுரம் கரையோரப் பெண்கள் மூச்சடக்கி முங்கிப் பறித்து வருவது ஒருவகைப் பாசி. அதைப் போன்றவற்றிலிருந்து எடுக்கும் சத்தை உலகமே 'அகர் அகர்' என்கிறது. அது மலாய்ச் சொல். பாலில் காய்ச்சினால் வெள்ளை, இளநீரில் காய்ச்சினால் பளிங்கு. குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே அறையின் சூட்டில் உறைந்துவிடும் என்பதுதான் அதன் அருமை. ஐஸ் வாங்க வழியில்லாத காலத்திலும், இந்த வெயிலிலும், ஏழை வீட்டுத் தட்டில் ஒரு குளிர்ந்த இனிப்பு இருந்தது.

பானங்களில் ஊரை அப்படியே கொண்டுவர முடியவில்லை. நன்னாரி வேரும் பதநீரும் இங்கில்லை. நுங்கு தேடியவர்கள் ஐஸ் கச்சாங்கில் மிதக்கும் அத்தாப் சீயைக் கண்டு மனம் தேற்றிக்கொண்டார்கள். நிப்பா பனையின் விதை அது, கிட்டத்தட்ட அதே கண்ணாடி நிறம். சர்பத்தின் இடத்தை ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த பண்டோங் பிடித்துக்கொண்டது. நல்லவேளை, அதில் தூவும் சப்ஜா விதை மட்டும் மலாய்க்காரர்களிடமும் செலாசே என்ற பெயரில் இருந்தது.

1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்ட பின் அடுக்குமாடிகள் எழுந்தன. கம்பத்து வீடுகளும் கடைமாடிகளும் காலியாயின. தஞ்சோங் பகாரில் ஒரே தெருவில் இருந்தவர்கள் தீவெங்கும் பிரிந்தார்கள். சமையலில் இந்த மாற்றம் முதலில் பலிகொண்டது பழைய சோற்றை. விறகடுப்பிலும் மண்ணெண்ணெய் அடுப்பிலும் சோறு வடித்தபோது மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். இந்த ஊர்ச் சூட்டுக்கு விடிவதற்குள் நன்றாகப் புளித்துவிடும். காலையில் உப்பும் சின்ன வெங்காயமும், அதிர்ஷ்டம் இருந்தால் நேற்றைய மீனாணத்தின் சுண்டியதும். மின்சாரச் சோற்றுப் பானை வந்தது. அளந்து போட்டு, அளவாக வெந்து, சூடாகவே இருந்தது. மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டிக்குப் போயிற்று. சோறு புளிக்க வாய்ப்பே இல்லாமல் போயிற்று. எவரும் அதைக் கைவிடவேண்டும் என்று முடிவெடுக்கவில்லை. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் வெப்பம் 37 பாகையைத் தொட்டது. அதைவிட மிதமான எத்தனையோ நாள்களை நம் முந்தைய தலைமுறை நீராகாரம் குடித்தே கழித்தது.

கஞ்சி மட்டும் நிலைத்தது. அதற்கு மார்க்கத்தின் துணையும் இருந்தது. மரணம் நேர்ந்த வீட்டில் வாற்கோதுமை மாவில் செய்த தல்பீனா என்ற கஞ்சியைக் காய்ச்சச் சொல்வது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கம் என்றும், அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தந்து துயரத்தைச் சற்றுக் குறைக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாகவும் ஹதீஸில் வருகிறது. மையித்து வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அண்டை வீட்டுப் பெண்கள் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவருவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அழுது தொண்டை அடைத்தவருக்கு வேறெதுவும் இறங்காது.

2020 ரமலானில் கொள்ளைநோயின் காரணமாகப் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. இருநூறு ஆண்டு வழக்கத்தில், ஜப்பான்காரன் காலத்துக்குப் பின் இப்படியொரு நோன்பை நாம் கண்டதில்லை. அஸருக்குப் பின் பாத்திரம் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வழியில்லை. பள்ளிக் கஞ்சியையே நம்பியிருந்த வீடுகள் பலவற்றில் கஞ்சி காய்ச்சத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. வேறு வீட்டில் வசிக்கும் உம்மாவிடமும் மாமியிடமும் தொலைபேசியில் கேட்டார்கள். 'வெந்தயம் எவ்வளவு?' என்றால் 'கொஞ்சம்' என்று பதில். 'தண்ணீர்?' 'நிறைய.' அந்த ஒரு மாதத்தில் எத்தனை அடுப்புகளில் அடிப்பிடித்தது என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனாலும் பெருநாள் பிறை தெரிவதற்குள் பலர் கற்றுக்கொண்டார்கள். மகன்களும் கற்றுக்கொண்டார்கள் என்பதை மகிழ்ச்சியோடு பதிகிறோம்.

அந்தக் 'கொஞ்சம்', 'நிறைய' என்ற சொற்களுக்கு அளவு கேட்டுக் குறித்து வைத்திருக்கிறோம். எட்டுப் பேருக்கு இது போதும். அளவைக்குப் பழைய முறைப்படி கெட்டிப்பால் டின். உடைந்த அரிசி ஒரு டின், பாசிப்பருப்பு கால் டின், வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, பூண்டு பன்னிரண்டு பல். மூன்றையும் அரைமணி நேரம் ஊறவிட்டு, பூண்டோடு பத்து டின் தண்ணீரில் வேகவையுங்கள். தனிச் சட்டியில் எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம், ரம்பை, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, பச்சை மிளகாய் வதக்கி, 200 கிராம் கொத்துக்கறியைப் பச்சை வாடை போகும்வரை பிரட்டி, கஞ்சியில் கொட்டுங்கள். அரிசி முழுதும் குழைந்த பின் உப்பு, புதினா, மல்லி. அரைமூடித் தேங்காயின் பாலை அடுப்பை அணைக்கும் முன்பு ஊற்றிக் கிளறி உடனே இறக்கிவிடுங்கள், கொதித்தால் திரிந்துவிடும். மஃரிபுக்கு ஒரு மணி நேரம் முன்பே காய்ச்சினால் இறுகிப்போகும். அப்போது வெந்நீர் ஊற்றிக் கலக்க வேண்டும், பச்சைத் தண்ணீர் கூடாது.